இணைச்சீர் அன்னைக்கு வந்த போன்

உக்காருங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. கரண்டு வர மதியத்துக்கு மேல ஆகுமுங்க. மாசத்துக்கு ஒரு நாள் ஈபிக்காரங்க இப்படிக் கழுத்தறுப்பாங்க. உங்க மோட்டாருக்குக் காயில் சுத்தி, வார்னிஷும் காஞ்சு ரெடியா இருக்குது. ஆனா தொட்டியில போட்டு ஓட்டிப் பாக்காம நான் யாருக்கும் குடுக்கறதில்லீங்க. நாச்சிமுத்து ஷெட்டுல கட்டின மோட்டார் எரிஞ்சு திரும்பி வந்துச்சுன்னு இந்தக் கணபதி ஏரியாவுல ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம்.

வசந்தா, எதுத்தாப்பல கடையில ரெண்டு டீ சொல்லிட்டு வா.

அது ஹெல்ப்பர் இல்லீங்க, என்ற சம்சாரம். வசந்தாமணி. பரவால்லீங்க, வர்றவங்க எல்லாரும் ஹெல்ப்பருன்னுதான் நெனைக்கறாங்க. டெஸ்டிங் தொட்டிகிட்டயே உக்காந்திருக்கறா, பழைய சுடிதாரு, அதுல வார்னிஷ் கறை. நல்ல துணியா உடுத்திட்டு வான்னா கேக்கறதில்லை. ஆனா அவ சாதாரண ஆளில்லீங்க. சிப்பு டிசைன் பண்ணினவ. உங்க போனுக்குள்ள, டிவிக்குள்ள, கரண்டு மீட்டருக்குள்ள கறுப்பா ஒட்டியிருக்குமே, அதுக்குள்ளாற என்ன ஓடோணும், எப்படி ஓடோணும்னு எல்லாம் இவளாட்ட ஆளுங்கதான் முடிவு பண்றாங்க. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமங்க இவளுக்கு. அங்கிருந்து வந்து படிச்சு, பெங்களூருல பெரிய கம்பெனியில இருந்தா.

எனக்கு அவகிட்ட ஒரே ஒரு குறைதானுங்க. சண்டை போட மாட்டேங்கறா.

சிரிக்காதீங்க. சண்டை போடற பொண்டாட்டி கெடைச்சவன் குடுத்து வெச்சவன். என்ற தங்கச்சி ஊட்ல பாத்திரம் பறக்கும். மச்சான் எங்கிட்ட வந்து அழுவாரு. நான் அவருகிட்ட சொல்லுவேன், மச்சான், பறக்கற பாத்திரம் கண்ணுக்குத் தெரியும், குனிஞ்சுக்கலாம்னு. இங்க அப்படியில்லை. என்ன கேட்டாலும், "நீங்களே பாத்துக்குங்க." குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, வெச்சது அவ, "நீங்களே பாத்துக்குங்க." மோட்டார் ஓடுது, சத்தம் சரியா இருக்குதா வசந்தான்னு கேட்டா, "நீங்களே பாத்துக்குங்க." ஒரு மனுசிக்குச் சரி, சரியில்லைன்னு சொல்றதுக்குக்கூடவா வாய் வராது?

முன்னாடி அப்படி இல்லீங்க. பொண்ணு பாக்கப் போனப்ப, காப்பித் தட்டைக் கீழ வெச்சுட்டு நேரா எம்மூஞ்சியப் பாத்துக் கேட்டா. "நான் வேலைய விட மாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?" எங்கம்மாவுக்கு மொகம் சுண்டிப்போச்சு. நான் சரின்னுட்டேன். சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் வேலைக்குப் போகாதேன்னு நான் ஒரு நாள் சொன்னதில்லை. வேணும்னா அவளையே கேளுங்க. கேட்டாலும் சொல்ல மாட்டா, அது வேற.

பெங்களூரை விட்டு வந்தது, அது வேற வழியில்லாமங்க. பெங்களூருல எவன் கிணத்து மோட்டார் கட்டறான்? நான் அங்க போயி என்ன பண்றது? அவதான் வரோணும், வந்தா. இங்க கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில கெடைச்சுது, கொஞ்சம் சின்ன வேலையா. பெங்களூருல இவகிட்டக் கத்துக்கிட்டவனெல்லாம் இவளுக்கு மேல உக்காந்துட்டானாம். அப்பறம் மிருதுளா பொறந்துச்சு. எங்கம்மாவுக்கு முட்டிவலி, புள்ளையப் பாக்க முடியாது. இவ வேலைய விட்டுட்டு ஊட்ல இருந்தா. புள்ளை பள்ளிக்கூடம் போனதுக்கப்பறம் திரும்பக் கேட்டுப் போனா, மறுபடி மொதல்லருந்து ஆரம்பிங்கன்னுட்டாங்களாம். ஆரம்பிச்சா. நான் தடுத்தனா? சாயங்காலம் வண்டியில போயி கூட்டிட்டு வந்ததே நாந்தான். எத்தனை புருசன் வர்றான்?

அப்படியே மெல்ல மெல்ல ஏறி வந்தாங்க. கடைசியில ஒரு சிப்பு, ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் முழுப் பொறுப்பும் இவளுக்குன்னு குடுத்தாங்க. கரண்டு மீட்டருக்குள்ள போடற சிப்பு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து என்ன பண்ணினாங்கறீங்க? பால் பாயசம் வெச்சா. என்ன விசேசம்னு எங்கம்மா கேட்டதுக்கு, "ஒண்ணுமில்லீங்கத்தை, எனக்கே வெக்கோணும்னு இருந்துச்சு"ங்கறா. வருசக் கணக்கா அதேதான் பேச்சு. ராத்திரி படுத்தாலும் அது, காத்தால பல்லு வெளக்கறப்பவும் அது. எனக்குக் காயில் தெரியும், கம்பி தெரியும். அவ சொல்றதுல பாதி புரியாது. உம் கொட்டுவேன்.

இந்தச் சிப்பு சமாச்சாரம் எப்படின்னா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே கட்டி முடிச்சு தைவானுக்கு அனுப்போணும். டேப்-அவுட்டுன்னு சொல்லுவாங்க. அதுக்கு நாள் குறிச்சிருப்பாங்க, நம்ம முகூர்த்தமாட்டவேதான். அந்த நேரத்தை விட்டா அடுத்தது எப்ப கெடைக்கும்னு தெரியாது. அனுப்பிட்டாலும் போச்சு, அப்பறம் கை வெக்க முடியாது. அங்க அச்சடிச்சாப்பல அடிச்சிருவாங்க. நம்ம மோட்டார்னா எரிஞ்சுபோனா என்ன? பழைய காயிலை அறுத்தெறிஞ்சுட்டு புதுசாச் சுத்தறோம். இவளுதுல அது நடக்காதாம். எனக்குக் கேக்கவே ஆச்சரியமா இருந்துச்சு. திருப்பிக் கட்ட முடியாத பொருளை எதுக்குங்க செய்யறாங்க?

அந்த நாளும், இவ தம்பி ஈஸ்வரமூர்த்தி கல்யாணமும் ஒண்ணா வந்து நின்னுச்சு.

நீங்களும் நம்ம பக்கம்தானே, உங்களுக்குச் சொல்லோணுமா? மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ நின்னு இணைச்சீர் செய்யோணும். புதுச்சேலை கட்டி, மூங்கில்ல பின்னின சீர்க்கூடையோட மூடி, அந்தப் பேழைமூடியைத் தலையில வெச்சுட்டு நிக்கோணும். இவ மெதுவா எங்கிட்ட வந்து கேக்கறா. "ஏனுங்க, சித்தப்பா பொண்ணு நம்ம சுமதிய இணைச்சீர்காரியா நிக்க வெச்சுக்கலாமா? நான் மதியத்துக்கு மேல வந்தர்றேன். மூர்த்திகிட்டப் பேசிட்டேன், அவனுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டான்."

அவனுக்கு ஒண்ணுமில்லைங்க, எனக்கு இருக்குதல்ல? கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப பங்காளி ஊட்டுப் பொண்ணு பேழைமூடி தூக்குனா, சொந்தபந்தம், ஒறம்பரை சனம் யாரைப் பேசும்? பொண்டாட்டியச் சீருக்குக்கூட அனுப்பாம சம்பாரிக்க அனுப்பிட்டான்னு என்னையத்தான் பேசும். கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். வந்தா. வந்தவ மண்டபத்துல சீருக்கு ஏறறதுக்கு முன்னாடி என்ற கையில அவ போனைக் குடுத்தா. "பியூலா கூப்பிட்டா எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துருங்க. மேடையில நின்னாலும் சரி, யாரு என்ன சொன்னாலும் சரி." நான் சரின்னேன். மறுபடி கேட்டா, "கண்டிப்பா குடுப்பீங்கல்ல?" சரின்னா சரிதானே புள்ளைன்னேன்.

பியூலாங்கறது இவகூட வேலை பாத்த பொண்ணு. நாகர்கோயில் பக்கம். இவளை அக்கா அக்கான்னு சுத்தி வரும்.

சீர் பாதியில போன் அடிச்சுது. பியூலாதான். நாயனச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, பந்திப் பக்கம் ஓடிப்போயி எடுத்தேன். "சார், அக்காகிட்டக் குடுங்க"ன்னுச்சு. சீர்ல இருக்கறாங்கம்மா, என்ன சொல்லோணும்னு கேட்டேன். "ஒரு எடத்துல மட்டும் கம்ப்யூட்டர் தப்பு காட்டுது சார். நெசமான தப்பா, சும்மா காட்டுதான்னு எங்களுக்குத் தெரியல. இதுமாதிரி முன்னாடி நெறைய விட்டிருக்கோம். இதையும் விட்டுட்டு அனுப்பிரலாமா, நிறுத்தி வெக்கட்டுமா? அக்கா சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். ஒரு வார்த்தை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் மேடைப் பக்கம் வந்தேன். சடங்கு நடத்தற பெரியவரு, அருமைக்காரர், சீர் செஞ்சுட்டு இருக்காரு. இவ தலையில பேழைமூடி. அசையக்கூட முடியாது. எங்கையில போனைப் பாத்துட்டா. கண்ணாலயே கேக்கறா, என்னான்னு. நீங்களே சொல்லுங்க, அத்தனை சனத்துக்கு நடுவுல நான் மேடையேறிப் போயி போனை நீட்டறதுங்களா? வீடியோக்காரன் வேற எம்பக்கமே திருப்பறான். கையை இப்படி ஆட்டினேன், ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னு. அவ பாத்துட்டே இருந்தா. வேண்டாம்னு தலையாட்டலையே? ஆட்ட முடியாதுதான், பேழைமூடி விழுந்துரும். இருந்தாலும் ஆட்டலை.

போன்ல சொல்லிட்டேன், "அக்கா சரின்னுட்டாங்க, அனுப்பிருங்க."

"அக்காவே சொன்னாங்களா சார்?"

"ஆமாம்மா, அவங்களேதான்."

அவ்வளவுதானுங்க. ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணே முன்னாடி நெறைய விட்டிருக்கோம்னு சொல்லுச்சு, இது ஒண்ணு பெருசா? நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு வேற சொல்லோணுமா?

இறங்கி வந்ததும் ஓடி வந்து கேட்டா. எல்லாம் அனுப்பிட்டாங்களாம், நல்லபடியா முடிஞ்சுதாம்னேன். பொய் இல்லையே, அனுப்பிட்டாங்கதானே. "காத்தால வரைக்கும் தப்பு ஒண்ணு காட்டிட்டு இருந்துச்சே, அதுவும் சரியாயிருச்சாமா?" எல்லாம் சரியாயிருச்சு, நீ சாப்பிட வான்னேன். அன்னைக்குப் பந்தியில உக்காந்து ரெண்டாந்தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. தம்பி பொண்டாட்டியக் கிண்டல் பண்ணிச் சிரிச்சா பாருங்க, ஒறம்பரையெல்லாம் திரும்பிப் பாக்குது. அந்த மாதிரி அவ சிரிச்சு அதுக்கப்பறம் நான் பாக்கலை.

டீ வந்துருச்சு, குடிங்க. வெச்சுட்டுப் போ வசந்தா.

மழைக்காலத்துல சிப்பு வந்துச்சு. ஏசி ரூம்ல வெச்சா நல்லா ஓடுதாம், சூடானா நின்னுபோகுதாம். நம்மூரு வெயிலுக்கு மீட்டர் பொட்டிக்குள்ள அது என்னாகும்? எங்க கோளாறுன்னு மத்தவங்க மண்டைய ஒடைச்சுக்கிட்டாங்களாம். இவ ஒரே நாள்ல கண்டுபுடிச்சுட்டா, சீர் அன்னைக்குத் தப்பு காட்டுச்சே, அதே எடம். அன்னைக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம கேட்டா. "சீர் அன்னைக்குப் பியூலா கூப்பிட்டாளா?" ஆமா, கூப்புட்டுச்சு. "என்ன கேட்டா?" ஏதோ விடலாமான்னுச்சு. "நீங்க என்ன சொன்னீங்க?" சரின்னேன். "நான் சொன்னதா சொன்னீங்களா?" ஆமான்னேன். நான் பயந்துட்டே இருக்கறேன், இப்பக் கத்துவா, இப்பக் கத்துவான்னு. "சரிங்க"ன்னா. உள்ள போயி அரிசி களைஞ்சா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

கம்பெனியில பெரிய ஆளுங்கல்லாம் உக்காந்து விசாரிச்சாங்களாம், யாரு சரி சொன்னதுன்னு. இவ "நாந்தான்"னுட்டா. எனக்கு எப்படித் தெரியும்கறீங்களா? பியூலா போன் பண்ணி எங்கிட்ட அழுதுச்சு. "அக்கா உங்க பேரைச் சொல்லவே இல்ல சார், என்னையும் சொல்ல விடல"ன்னு கத்துச்சு. அன்னையிலிருந்து அந்தப் பொண்ணு எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசறதில்லை. ஏன்னே தெரியலீங்க. நான் அதுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?

பாருங்க, என்னையக் காட்டிக் குடுக்கலை. அந்த விசயத்துல இவ தங்கமுங்க. எம்புருசன் சொன்னாருன்னு சொன்னா அவளுக்கும் கேவலம்தானே, அதுவும் இருக்கும். அப்படியும் இவளே நாந்தான்னு ஒத்துக்கிட்டான்னா, இவ பேர்லயும் ஏதோ தப்பு இருந்துதானே இருக்கும்? நான் அப்படித்தான் நெனைக்கறேன்.

அந்த வேலைக்கு இருந்த ஆளுங்களையெல்லாம் கலைச்சு விட்டுட்டாங்க. இவளும் வெளிய வந்துட்டா. அப்பறம் பல எடத்துல போயிப் பாத்தா. எல்லாரும் கேப்பாங்களாம், கடைசியாப் பண்ணின சிப்பு என்னாச்சுன்னு. செத்துப்போச்சும்பாளாம். யாரு பொறுப்புன்னா நாந்தாம்பாளாம். இப்படிச் சொன்னா எவனுங்க வேலை குடுப்பான்? கொஞ்சம் மாத்திச் சொல்லு புள்ளைன்னேன். ஒரு பார்வை பாத்தா. அதோட இன்டர்வியூவுக்குப் போறதையும் விட்டுட்டா. ஊட்ல சுவத்தைப் பாத்துட்டு உக்காந்து வெசனப்படறதுக்கு இங்க வந்து தொட்டிகிட்ட உக்காருன்னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன். இந்த ஷெட்டு அவளுக்கும் சேத்துத்தானே.

இதோ இந்தச் சாவிக்கொத்தைப் பாருங்க. நடுவுல கண்ணாடியாட்ட இருக்குதல்ல, அதுக்குள்ள மினுங்குதே, கடலைப்பருப்பு அளவு? அதேதானுங்க. அந்தச் சிப்பு. மேல கறுப்பு மூடி போடறதுக்கு முன்னாடி மொட்டையா வந்த பீஸு. குப்பைக் கூடையில போட்டிருந்தா. எனக்கு மனசு கேக்கலை. காயிலுக்கு ஊத்தற ரெசினை ஊத்தி நானே செஞ்சேன், எப்படி இருக்குது? இதுல ஒரு மூலையில அவ பேரு இருக்குதாம். செய்யறவங்க பேரை மூலையில எழுதிக்கறது அவங்க தொழில்ல ஒரு பழக்கமாம். கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தா வசந்தாமணின்னு தமிழ்லயே இருக்குமாம். புள்ளை பேரைப் போட்டிருக்கலாம், சரி போகட்டும். பேரு எழுத நேரம் இருந்திருக்குதல்ல, அந்த நேரத்துல அந்தத் தப்பைப் பாத்திருக்கக்கூடாதா? இதை ஒரு நாள் வெளையாட்டுக்கு அவகிட்டயும் சொன்னேன். சிரிக்கலை.

இருங்க, போன் அடிக்குது. என்றது இல்லை, அவளுது. அவ போனு எங்கிட்டத்தான் இருக்கும். அவளே குடுத்துட்டா, யாரு கூப்பிட்டாலும் நீங்களே பேசிக்குங்கன்னு.

பியூலாதான். அலோ... ஆமாம்மா, நல்லா இருக்கறாங்க... இல்லம்மா, வேலையா இருக்கறாங்க... சொல்றேன்... சொல்றேம்மா, கண்டிப்பாச் சொல்றேன். வெக்கட்டுமா?

அது இப்பப் பெரிய ஆளாயிருச்சுங்க. சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சிருக்குதாம். அக்கா வந்தாப் போதும், ஊட்லருந்தே பாத்தாலும் சரி, நடந்தது என்னன்னு எனக்குத் தெரியும், யாரும் எதும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லுது. போன மாசமும் கூப்புட்டுச்சு. அவகிட்டச் சொல்லோணும்னு இருந்தேன், வேலை கெரகத்துல மறந்துபோச்சு. சொல்லி என்ன ஆகப்போகுது? "நீங்களே பாத்துக்குங்க"ம்பா. பாத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்றேங்க, அவ மனசு ஆறிருச்சுன்னு இந்த வருசந்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மிருதுளா பிளஸ் டூ முடிச்சுது. அம்மாவாட்டவே மண்டை. கவுன்சலிங்ல எலக்ட்ரானிக்ஸ் கெடைக்கும், நானும் சிப்பு பண்ணப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. எனக்கு மனசுக்குள்ள வேண்டாம்னுதான். பொம்பளைப் புள்ளை, நாளைக்கு ஒரு எடத்துக்குப் போறவ. ஆனா நான் வாயத் தொறக்கலை. தொறந்தா தாயும் மகளும் சேந்துக்குவாங்க, இப்பவாவது இவ சண்டைக்கு வருவான்னு நெனச்சேன். வந்தா வரட்டும்னுகூட இருந்துச்சு, உள்ளதைச் சொல்றேன்.

புள்ளை நேரா அடுப்படிக்குப் போயிக் கேட்டுச்சு. "அம்மா, நீ சொல்லு. எடுக்கட்டுமா?"

இவ கைய முந்தானையில தொடைச்சா. புள்ளை தலைய ரொம்ப நேரம் தடவிக் குடுத்தா. அப்பறம் சொன்னா, "வேண்டாம் சாமி. யாரு எப்பக் கூப்பிட்டாலும் பாதியில எந்திரிச்சுப் போற வேலையாப் பாத்து எடுத்துக்கோ. நீ எந்திரிச்சுப் போனாலும் எதுவும் சாகக்கூடாது."

புள்ளை அழுதுச்சு. ரெண்டு நாள் சாப்பிடலை. அப்பறம் பி.காம் சேந்துருச்சு, இங்கயே பக்கத்துல. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுங்களா? நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. அவளே புரிஞ்சுக்கிட்டா. இத்தனை வருசத்துல அவ வாயத் தொறந்து இது சரி, இது வேண்டாம்னு சொன்னது அது ஒண்ணுதான்.

ஆகா, லைட்டு வந்துருச்சு! சொன்னதை விட சீக்கிரமே விட்டுட்டான். எந்திரிங்க, ஓட்டிக் காட்டறேன். வசந்தா, சுச்சைப் போடு.

தண்ணி பாருங்க, எப்படி அடிக்குதுன்னு. என்ன வசந்தா? எதுக்கு மோட்டார் மேல கைய வெக்கறே? என்ன, எம்மூஞ்சிய எதுக்குப் பாக்கறே? ஒண்ணுமில்லை, புதுக் காயிலு, மொதல்ல அப்படித்தான் சத்தம் வரும். எடு கைய.

அவகிட்டக் கேக்காதீங்க, அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன், சரியாத்தான் இருக்குது. எடுத்துட்டுப் போயி கிணத்துல எறக்கிருங்க.